கவிதை கிவிதை

தமிழில் எழுதுகிறவர் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. "கவிதை கிவிதையெல்லாம் எழுதுவீங்களாமே?" வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில் கேட்டிருப்பார்கள். பெண் கேட்கப் போன இடத்தில் கேட்டிருப்பார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் கேட்டிருப்பார். நாமும் 'கவிதை' என்ற முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்திருப்போம். கேட்டவருடைய இலக்கியக் கொள்கை முழுவதும் இரண்டாம் பாதியில் இருந்தது. நம்மை எடைபோட்டுத் தீர்ப்பும் சொல்லிவிட்ட அந்தச் சொல் எந்த அகராதியிலும் இல்லை. 'கிவிதை'க்குப் பொருள் கிடையாது என்பார் தமிழாசிரியர். இவ்வளவு தெளிவாகத் தன் கருத்தைச் சொல்லிவிடுகிற விமர்சனத்தை நம் பத்திரிகைகளில் நான் அதிகம் படித்ததில்லை.

இந்த மாதிரிச் சொற்களைப் பற்றித்தான் எழுத உத்தேசம். இலக்கணத்தின் புழக்கடையில் நிற்கிற, உச்சரித்த மாத்திரத்தில் சிரிப்பு வருகிற, கோணல்மாணலான சொற்கள். இவற்றை ரசிப்பது குழந்தைத்தனம், தீவிர வாசகனுக்கு அழகல்ல என்ற எண்ணம் நம் சிறு வட்டத்தில் வேரூன்றியிருக்கிறது. சொல்லின் ஒலியில் மயங்குகிறவன் வெறும் ரசிகன், பொருளில் நிற்கிறவனே வாசகன் என்று ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர் வகை பிரித்தே காட்டினார். யாரும் மறுக்கவில்லை. நான் மறுக்கிறேன். விமர்சனம் சொல்லின் மீதுள்ள பிரியத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் பிரியத்துக்கு வெட்கப்படுகிறவர் எழுதும் விமர்சனம் கடைசிவரை அறிக்கையாகத்தான் இருக்கும். பொருளில்லை என்று நாம் ஒதுக்கிய ஒலிகளில்தான் தமிழ் தன் மிக நுணுக்கமான கவனத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பது என் கட்சி.

*

முதலில் கிவிதையையே எடுத்துக்கொள்வோம். இதற்குச் சுத்தமான இலக்கணம் ஒன்று இருக்கிறது. சொல்லின் முதலெழுத்தை எடுத்துவிட்டு, அது குறிலானால் 'கி' போடவேண்டும், நெடிலானால் 'கீ'. பணம் கிணம். பாம்பு கீம்பு. சட்டை கிட்டை. வேலை கீலை. எழுத்தறியாதவரும் இதில் பிழை செய்வதில்லை. கிளி, கிணறு என்று கி-யிலேயே தொடங்கும் சொல் வந்துவிட்டால் மட்டும் வழி அடைபட்டு, பேசுகிறவர் ஒரு கணம் தடுமாறுவார். விதி ஒன்று உள்ளே இருந்து வேலை செய்கிறது என்பதற்கு அந்தத் தடுமாற்றமே போதிய சாட்சி.

இந்த கி-க்குப் பொருள் என்ன? 'முதலியன' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஊருக்கு வந்திருக்கும் மகனிடம் தாய் கேட்கிறாள்: "கடன் கிடன் வாங்கியிருக்கியாடா?" கடன் முதலியன என்றா கேட்கிறாள்? பெயர் சொல்லிக் கேட்கப் பயப்படுகிற எல்லாவற்றையும் அந்தக் 'கிடன்' மேல் ஏற்றிவிடுகிறாள். "மழையில நனையாதே, காய்ச்சல் கீய்ச்சல் வந்திடப் போகுது" என்னும்போது அதே ஒலி வேறு காரியம் செய்கிறது. வியாதியின் பெயரைக் கொஞ்சம் கேலி செய்து சிறுத்துப்போக வைத்து, கிட்ட வராமல் விரட்டுகிறது. "காப்பி கீப்பி சாப்பிடறீங்களா?" என்பதில் உபசாரம். காப்பி வேண்டாமென்றால் மோர் கேட்கலாம், ஒன்றுமே வேண்டாமென்று எழுந்தும் போகலாம் என்று விருந்தாளிக்கு இடம் விட்டுவைக்கிற உபசாரம். "வேலை கீலை பாக்கறானா?" என்பதில் இளக்காரம். ஓர் எழுத்து அச்சத்தையும் மந்திரத்தையும் மரியாதையையும் இளக்காரத்தையும் சுமக்கிறது. பொருளில்லாத ஒலி என்று இதைத்தான் சொல்கிறோம்.

திராவிட மொழிகளை ஆராய்ந்த எமனோ 1938 இல் இந்த எதிரொலிச் சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இலக்கணம் பற்றியல்ல, கதை பற்றி. நாட்டார் கதைகளில் வரும் ஒரு கூறு அவர் கண்ணில் பட்டது. வெளியே பதுங்கியிருக்கும் புலி, உள்ளே மனிதர்கள் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் எதிரொலியைக் கேட்கிறது. புலி தெரியும், அது தான்தான். கூடச் சொல்கிறார்களே அது என்ன? தன்னைவிடக் கொடிய பிராணி ஏதோ இருக்கிறது என்று நடுங்கிப்போகிறது. தமிழில் சொன்னால் இந்தக் கதைக்கு இன்னொரு லாபமும் உண்டு. புலி கிலி என்பதில் வருகிற 'கிலி' அச்சத்துக்கே பெயராக இருக்கிறது. பொருளில்லாத சொல்லுக்குப் புலி பயப்பட்டது என்று கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். பெயரிடாததற்குத்தான் எந்தப் பிராணியும் அதிகம் பயப்படும் என்பதைக் கதை கட்டியவன் அறிந்திருந்தான். நவீன கவிதை எத்தனையோ பக்கங்களில் சொல்ல முயன்ற விஷயம் இது.

*

பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவிக்கு நமக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணம் 'பிரித்தால் பொருள் தராது' என்பது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறோம். பிரித்தால் பொருள் தராது என்பது காலப்போக்கில் பொருளே இல்லை என்று நம் மனதில் உறைந்துவிட்டது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் சொன்னது, இரட்டைக்கிளவி இரட்டித்தே நிற்கும், பிரிந்து இசைக்காது என்பதுதான். அதாவது அவர் பார்த்தது ஒரு முழுமையை. தறியில் ஓடும் நாடாவை நிறுத்திக் கையிலெடுத்தால் அது மரத்துண்டு. அதற்காக நாடாவுக்கு வேலையில்லை என்று சொல்வோமா?

எனக்குப் பிரியமான வாசிப்பு எது என்று கேட்டால், நாவல் பெயரை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். தொல்காப்பியத்தின் உரியியலை நான் சந்தோஷத்துக்காகப் படிக்கிறவன். இசையிலும் குறிப்பிலும் பண்பிலும் தோன்றுகிற சொற்கள் என்று தொடங்கி, பழக்கமில்லாத சொற்களைத் தேடியெடுத்துப் பழக்கமான சொல்லால் அடையாளம் காட்டிக்கொண்டே போகிறது அந்த இயல். சுழற்சிக்கு அலமரல், தெருமரல். சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அச்சத்துக்குப் பேம், நாம், உரும். முதலிரண்டும் இருட்டில் குழந்தை வாயிலிருந்து வருவது போல இருக்கின்றன. செறிவுக்கு விறப்பு, உறப்பு, வெறுப்பு. இன்று நாம் ஒருவரையொருவர் பார்த்து அடையும் வெறுப்பு அன்று அடர்த்தியாக இருந்திருக்கிறது. ஆரவாரத்துக்குக் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல். சத்தத்துக்குச் சும்மை என்று பெயர் வைத்திருந்த மொழியில்தான் இன்று 'சும்மா இரு' என்றால் சத்தம் போடாதே என்று அர்த்தம். இரண்டுக்கும் உறவு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வருகிற சிரிப்பை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

பழைய ஆட்கள் சொல்லைக் காதுக்காகச் சேமித்தவர்கள். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருளைச் சொல்வது. அதை எதுகை வரிசையில்தான் அடுக்கியிருக்கிறார் மண்டலபுருடர். திண்ணைப் பள்ளிப் பையன் அதைப் பார்த்துப் படிக்கவில்லை, பாடிப் படித்தான். வெளியிலிருந்து வந்த வீரமாமுனிவருக்கும் இது புரிந்திருந்தது. 1732 இல் அவர் செய்த சதுரகராதியின் நான்கு பிரிவுகளில் ஒன்று தொடை அகராதி, முழுக்க முழுக்க எதுகைக்கானது. முக்கூடற்பள்ளுவில் நெல் வகைகளும் மாட்டு வகைகளும் மீன் வகைகளும் வரிசை வரிசையாக வருகின்றன. வரலாற்றாசிரியர்கள் இதைத் தகவலுக்குப் பயன்படுத்துகிறார்கள், இலக்கிய விமர்சகர்கள் வெறும் பட்டியல் என்று புரட்டிவிடுகிறார்கள். அயிரை, கெளிறு, உளுவை, ஆரல், குறவை என்று ஆற்றுமீன்களை வாய்விட்டு எண்ணிப் பார்த்த ஒருவருக்குப் பட்டியல் என்பது எவ்வளவு பழமையான கவிதை வடிவம் என்று தெரியும். பெயரை அடுக்கிச் சொல்வது பொருளைத் திரும்ப ஒருமுறை கையில் பிடித்துப் பார்ப்பது.

அருணகிரிநாதரை இசைக்காரர்களிடம் விட்டுவிட்டோம். அவருடைய புகழ்பெற்ற முதல் திருப்புகழில் போர்க்களத்துக் கிழட்டுக் கூகையின் கூவல் சிறிது சிறிதாக மனிதச் சொல்லாக மாறி ஏவலிடுகிறது. வெற்றொலி எந்த இடத்தில் முடிந்து பொருள் எந்த இடத்தில் தொடங்கியது என்று கோடு போட முடியாது. இதைச் சந்தம் என்று சொல்லிக் கடந்துபோவது, ஓவியத்தைச் சாயம் என்று சொல்லிக் கடந்துபோவது மாதிரி. பாரதிக்கு இது தெரிந்திருந்தது. 'புதிய கோணங்கி'யில் அவர் குடுகுடுப்பைக்காரனின் உடுக்கையை அதன் ஒலியோடு அப்படியே வாங்கிக்கொண்டார். யாசகத்துக்கு வந்தவனின் ஒலி வரப்போகும் காலத்தைச் சொல்கிற ஒலியாயிற்று.

*

ழகரத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். மேடையில் ழகரம் தமிழின் உயிர் என்பார்கள், நாவைப் பிறழவிடாதே என்பார்கள். வழவழ என்பது ஒன்று, வளவள என்பது வேறொன்று என்று அவர்களில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. முன்னது கூழாங்கல், பின்னது வாயாடி. ழகரத்துக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்காது. ஆனால் வளவள என்பது கொச்சை, மேடைக்கு ஆகாது.

ஒலிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கிறது. சலசல என்று ஓடை ஓடும், சளசள என்று சேறு மிதிபடும், சரசர என்று சருகில் பாம்பு போகும், சொரசொர என்று சுவர் கையை உரசும். வளையல் கலகல, தொண்டை கரகர, வண்டி கடகட. ல ஒழுகுகிறது, ர உராய்கிறது, ட மோதுகிறது. ற நொறுங்குகிறது: முறுக்கு மொறுமொறு, சோற்றில் மணல் நறநற. உயிரெழுத்து மாறினால் அளவு மாறுகிறது. சின்ன மணி கிணிகிணி, பெரிய மணி கணகண. இது விதி என்று நான் சாதிக்கவில்லை. கிறுகிறு என்று தலை சுற்றும்போது எதுவும் நொறுங்குவதில்லை. ஆனால் ஒரு சாய்வு இருக்கிறது. அந்தச் சாய்வை உணர்கிற காது உள்ளவர் மட்டுமே உரைநடை எழுத முடியும் என்று எனக்குப் படுகிறது.

ஒலிக்குறிப்பு என்று இவற்றுக்குப் பெயர் வைத்ததில்கூட ஓர் அவசரம் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒலியே இல்லை. மினுமினு என்பது வெளிச்சம். கமகம என்பது வாசனை. பிசுபிசு என்பது விரல் அறிவது. குறுகுறு என்பது பார்வையும் ஆகும், மனசாட்சியும் ஆகும். திருதிரு என்று விழிக்கிறவன் வாயிலிருந்து சத்தம் வருவதில்லை. பொலபொல என்று விடிகிறது என்கிறோம். விடியலுக்கு ஏது ஓசை? அதே சொல்லால் கண்ணீர் உதிர்கிறது, உலர்ந்த மண் உதிர்கிறது, பதமாக வெந்த சோறு உதிர்கிறது. இருட்டு கட்டி தட்டிப்போன ஒன்று, அது ஓரத்திலிருந்து உதிர்ந்து விழுவதே விடிவது என்று எவரோ பெயர் தெரியாத ஒருவர் பார்த்திருக்கிறார். நம்மில் யார் விடியலைப் பற்றி இதற்குச் சமமாக ஒரு வரி எழுதியிருக்கிறோம்? நமது புதுக்கவிதைத் தொகுப்புகளில் விடியல் எத்தனை முறை வந்திருக்கிறது, அதில் எத்தனை முறை உண்மையில் விடிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதில் ரசனை மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் இவ்வளவு காரமாக எழுத வேண்டியதில்லை. உடம்பு சம்பந்தப்பட்டிருக்கிறது. மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் கிராமத்துக் கிழவி தன் வலியைச் சொல்லும் சொற்களைக் கவனியுங்கள். விண்விண்ணென்று தெறிக்கிறது. சுருக்சுருக்கென்று குத்துகிறது. கடுகடுவென்று இருக்கிறது. நமநமவென்று அரிக்கிறது. வயிறு கபகபவென்று எரிகிறது. நெஞ்சு படபடக்கிறது, கண் பூஞ்சையடிக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வலி. ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு, தாளம் உண்டு, இடைவெளி உண்டு. விண்விண் என்பதில் நாடி துடிக்கிறது, சீழ் கட்டியிருக்கலாம் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும். காது உள்ள மருத்துவர் பாதி வியாதியை இந்தச் சொற்களிலேயே கேட்டுக்கொள்வார். இதே கிழவியை நம் சிறுகதைக்காரர் எழுதும்போது அவளுக்கு 'தாங்க முடியாத வேதனை' வருகிறது. அல்லது 'இனம்புரியாத வலி' வருகிறது. இனம்புரியாமல் போனது எழுதியவருக்கு. அவளுக்கு இனம் நன்றாகவே புரிந்திருந்தது.

*

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஒலியின் மீது நவீன எழுத்தாளனுக்கு வந்த சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேடைத் தமிழ் அடுக்குமொழியில் மிதந்தது. ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் முடியும்வரை வாக்கியம் முடியாது. பத்திரிகை, சினிமா வசனம், வாழ்த்து மடல், இரங்கல் மடல் எல்லாவற்றையும் அந்த நோய் பிடித்தது. 1959 இல் 'எழுத்து' தொடங்கியபோது அதில் எழுதியவர்கள் ஓசையிலிருந்து விலகி நின்றது ஒரு சுகாதார நடவடிக்கை. அன்று அது அவசியமாகவே இருந்தது.

ஆனால் அடுக்குமொழிக்கும் நான் பேசுகிற ஒலிக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. அடுக்குமொழி சொல்லைக் கேட்பதில்லை, முதலெழுத்தை மட்டும் எண்ணுகிறது. அடுத்து என்ன வரும் என்று கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரியும், அவன் கை தட்டத் தயாராக இருக்கிறான். காது தூங்கிப்போகிறது. பொலபொல, நமநம போன்ற சொற்களோ காதை எழுப்புகின்றன. சொல்லிவிட்டுப் பொருளைத் திரும்பிப் பார்க்க வைக்கின்றன. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தெருவில் போட்டதுதான் நாம் செய்த காரியம். நோயாளியைக் காப்பாற்ற வெட்டிய காலை நோய் போன பிறகும் வெட்டிக்கொண்டே இருக்கிறோம்.

இத்தனைக்கும் நம் பத்திரிகைகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்களைப் பாருங்கள். 1970 இல் 'கசடதபற'. ஆறு வல்லெழுத்துகளை வரிசையாக வைத்தால் அது ஒரு சொல்லா? பிரித்தால் பொருள் தராது, சேர்த்தாலும் தராது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நின்ற ஒரு கோபம் அதில் கேட்டது. 1972 இல் 'அஃக்', விக்கல் எடுத்த மாதிரி ஒரு பெயர். 1978 இல் 'ழ', ஒரே ஓர் எழுத்து. இந்தப் பெயர்களை வைத்தவர்களுக்கு ஒலியின் குறும்பு தெரிந்திருந்தது. பெயர்ப்பலகையில் இருந்த குறும்பு பிறகு வந்த நம் பக்கங்களுக்குள் நுழையவில்லை. உள்ளே இருண்மை, அந்நியமாதல், இருத்தல் என்று புருவத்தை நெரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ஞானக்கூத்தனைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே அங்கதம் என்ற சொல் வருகிறது. அந்த அங்கதம் முதலில் அவருடைய காதில் பிறந்தது, மரபான யாப்பின் ஓசையை எந்த இடத்தில் திருகினால் சிரிப்பு வரும் என்று அறிந்த காது அது என்பதை யாரும் பேசுவதில்லை. சிரிப்பு வந்துவிட்டால் கனம் குறைந்துவிடும் என்ற பயம். கனம் என்பது முகத்தில் இருக்கிறதா, வாக்கியத்தில் இருக்கிறதா என்று யாராவது தீர்மானித்துச் சொன்னால் நல்லது.

நாம் விட்டுவிட்ட சொற்கள் அநாதையாகிவிடவில்லை, வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. பரபர என்ற சொல்லைச் செய்தித்தாள் எடுத்துக்கொண்டு 'பரபரப்பு' என்று எல்லாத் தலைப்பிலும் ஆணியடித்தது. இன்று அந்தச் சொல்லில் எதுவும் பரபரப்பதில்லை. கிசுகிசு நடிகைகளின் படுக்கையறை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. பளபள, மொறுமொறு இரண்டும் விளம்பரத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கின்றன. கன்னாபின்னா, ஏடாகூடம், எசகுபிசகு, லொட்டு லொசுக்கு எல்லாம் சினிமா நகைச்சுவைக்காரர்களின் சொத்து. பிறகு இவை மலினப்பட்ட சொற்கள் என்று நாமே தீர்ப்பும் சொல்கிறோம். பிள்ளையைத் தெருவில் விட்டவர், அது தெருப்பிள்ளை என்று மூக்கைப் பொத்திக்கொள்கிற கதை.

தூய்மைவாதிகளின் வழக்கு வேறு. ட, ர, ல எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். பறை டமடம என்கிறது, பழைய வண்டி லொடலொட என்கிறது, வண்டு ரீங்கரிக்கிறது. சொல்லுக்குப் போட்ட சட்டம் செவிக்குப் பொருந்தவில்லை. இந்த மாதிரி இரட்டை ஒலிகள் வடக்கத்திய மொழிகளுக்கும் நமக்கும் பொதுவான ஒரு நிலப்பரப்பின் குணம் என்று 1969 இல் எமனோ காட்டினார். தனக்கு மட்டுமே சொந்தம் என்று கட்டிக்கொள்ளவும் முடியாது, தனக்குச் சம்பந்தமில்லை என்று உதறவும் முடியாது. தூய்மைவாதிக்கு இதைவிடச் சங்கடமான சொத்து வாய்க்காது.

*

அகராதிகள் என்ன செய்தன? சென்னைப் பல்கலைக்கழக அகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939 இல் அதற்கு ஒரு பின்னிணைப்பு. அதில் இந்தச் சொற்கள் ஏராளமாக இடம்பெற்றிருக்கின்றன. அதற்காக நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் எத்தனையோ சொற்களுக்கு எதிரே 'ஒலிக்குறிப்பு', 'விரைவுக்குறிப்பு' என்று ஒரு வார்த்தைதான். ஒரு தெருவில் உள்ள எல்லோருக்கும் ஒரே கதவெண் கொடுத்தது போல. 1862 இல் வந்த வின்சுலோ அகராதி தன் தலைப்பிலேயே உயர்தமிழையும் தாழ்தமிழையும் சேர்த்தே சொல்லிக்கொண்டது. உயர்வும் தாழ்வும் அவர்கள் பார்வை. ஆனால் இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைக்கும் நேர்மை இருந்தது. 1992 இல் வந்த க்ரியா அகராதி வாக்கியத்தை எடுத்துக்காட்டாகக் கொடுக்கத் தொடங்கியது. இந்தச் சொற்களுக்கு வாக்கியம்தான் பொருள் என்பதால் அது ஒரு பெரிய அடி.

இவற்றுக்கு வெளியே, கி. ராஜநாராயணன் 1982 இல் கரிசல் வட்டாரத்துச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். பெருமாள்முருகன் 2000 இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். இருவரும் கதை எழுதுகிறவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லின் ருசி அறிந்தவர்கள் வேறு யாராவது செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை. விமர்சகர்களாகிய நாமோ அந்த அகராதிகளுக்குக்கூட 'பண்பாட்டு ஆவணம்' என்று மதிப்புரை எழுதினோம். அவற்றைக் கையிலெடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, சத்தமாகப் படித்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோமா?

சிரிப்பதற்குக் காலம் அதிகமில்லை. நெல் போனால் நெல்லின் பெயர் போகிறது. ஆட்டுக்கல்லின் கடமுட அரைக்கும் இயந்திரத்தின் ஒற்றை இரைச்சலில் அமுங்கிப்போனது. கைபேசியில் எழுத ஆரம்பித்த பிறகு, பிழை பார்க்கும் மென்பொருளுக்குக் 'கீய்ச்சல்' என்பது அடிக்கோடிட வேண்டிய தவறு. இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். பொருள் தராது என்று அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லி வைத்திருக்கிறோம், அது நம் மாணவன்.

நண்பர்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். இனி ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுமுன் அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். தொகுப்பில் கேட்டது என்ன என்று ஒரு பத்தி எழுதிய பிறகு தத்துவத்துக்குப் போகலாம். கேட்க ஒன்றுமே இல்லை என்றால் அதையும் எழுதலாம். இரண்டாவது, இந்தப் பத்திரிகை இதழுக்கு ஒரு பக்கம் சொற்களுக்கு ஒதுக்கட்டும். கட்டுரை வேண்டாம், கோட்பாடு வேண்டாம். எந்த ஊரில், எந்த வேலையின் நடுவில், எதைப் பார்த்து அந்தச் சொல் சொல்லப்பட்டது என்ற விவரமும், சொன்ன வாக்கியமும் போதும். பொருள் எழுத வேண்டியதில்லை. முதல் தவணையாக என் பங்குக்கு ஒன்பது சொற்கள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்பதில் நான்கு, மாவு புளிப்பதைப் பற்றியவை.